மடியில் அல்ல, இருக்கையில்: மீனாவுடன் சென்னைக்கு

இந்த எழுபத்திரண்டாம் வருடம் மாசி மாதத்தில், இருபது மாதக் குழந்தை மீனாவைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனேன். துணைக்கு யாரும் வரவில்லை. கைக்குழந்தையோடு தனியாகப் போக நினைக்கும் பெண்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமைக்காகவும்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

மீனா என் தங்கை பத்மாவின் மகள். பத்மாவுக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்தபோது குழந்தைக்குப் பத்து மாதம். அவள் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்தாள், குழந்தை என்னிடம் வந்தது. தை கடைசியில்தான் டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பினார். இனிக் குழந்தையோடு இருக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். தொலைபேசியில் டிரங்க் கால் போட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்பக்கா கூட்டிட்டு வர்ற?"

கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. பத்மாவின் கணவர் தம் லீவையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கழித்துவிட்டார். என் தம்பி கணேசனுக்குப் பருத்தி வியாபாரம். மாசி, பங்குனியில் அவன் கடையை விட்டு நகர முடியாது. "சித்திரை பெறக்கட்டும்க்கா. நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றான். பத்து மாதம் காத்திருந்தவளிடம் இன்னும் இரண்டு மாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் போகிறேன் என்றேன். அவன் என் வலது கையைப் பார்த்தான்.

சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வலது முழங்கைக்குக் கீழே பிடிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவது இடது கையால்தான். மீனாவை இடது இடுப்பில் தூக்கிவிடுவேன். தூக்கிய பிறகு எனக்கு வேறு கை மிச்சமிருக்காது. "ரயில்ல ராத்திரி பூரா ஒத்தக் கையில எப்படிக்கா பிடிப்ப? நீ கண்ணசந்தா பிள்ளை கீழ கெடக்கும்" என்றான் கணேசன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது.

வழி பக்கத்து ஊரான வீரசோழனிலிருந்து வந்தது. எங்கள் பருத்திக் கடைக்கு வரும் அனிபா பாய் பல வருடம் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். அவருடைய காரில் பேரனை ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்து அழைத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். இரும்புக் குழாய்ச் சட்டம், நீல ரெக்சின் மெத்தை, இடுப்புக்கு ஒரு வார். கார் இருக்கையின் முதுகில் மாட்ட இரண்டு கொக்கிகள். குழந்தைக்கு முன்னால், அமுக்கினால் 'பாம்' என்று கத்தும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங். கேட்டனுப்பினேன். மறுநாளே கொண்டுவந்து இறக்கினார்.

"எடுத்துக்கங்க டீச்சர். பேரனுக்கு இப்பக் காலு தரையில தட்டுது. ஆனா பிளேன்ல இத ஏத்துவானான்னு எனக்குத் தெரியாது. நான் போனதெல்லாம் கப்பல்லதான்."

தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு வைப்பவள் நான். விமானத்துக்கு முன்னால் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் திருச்சுழிக்குக் கிளம்பினேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கணேசன் நாற்காலியை ஏற்றி, பஸ் இருக்கையின் கம்பியில் கொக்கிகளை மாட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டான். வாரை நானே கட்டினேன். ஒரு நுனியை முழங்காலால் அழுத்திக்கொண்டு மறு நுனியை இடது கையால் இழுக்க வேண்டும். வீட்டில் ஒரு வாரம் பழகியிருந்தேன். மீனா உடனே வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பின்னாலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இதென்ன, ஆட்டுக்குட்டியவா கட்டிக் கொண்டுபோறீக? பிள்ளைய மடியில வச்சா என்ன?"

"மடியை விட இது அவளுக்குப் பிடிச்சிருக்கும்மா."

கண்டக்டர் வந்தார். அவருக்கும் அதே கவலைதான். "மடியில வச்சுக்கிட்டா டிக்கெட் வேண்டாம்மா. தனியா உக்கார வச்சா அரை டிக்கெட் எடுக்கணும். ஒரு ஆளு எடத்தப் பிடிக்குதுல்ல?"

எழுபது பைசாவுக்கு எனக்கும் முப்பத்தைந்து பைசாவுக்கு அவளுக்கும் வாங்கினேன். இடது கையால் காசை நீட்டினால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதனால் வழக்கம்போல் காசை இருக்கையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

பாதி வழியில் ஏறிய ஒருவர் மீனாவின் முன்னால் வந்து நின்றார். "கைப்பிள்ளைக்கு ஒரு எடமா? தூக்குங்கம்மா, உக்காரணும்."

நான் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் திரும்பினார். "யோவ், அவுக டிக்கெட் எடுத்து உக்காந்திருக்காக. டிக்கெட் எடுத்த ஆள எந்திரின்னு சொல்ல எனக்கே உரிமை இல்ல, ஒனக்கென்ன? மொதல்ல நீ காச எடு." பிறகு மீனாவிடம் குனிந்து, "நீங்க ஓட்டுங்க டிரைவரே" என்றார். பாம் என்று பதில் வந்தது. பஸ்ஸே சிரித்தது, நின்றவர் உட்பட.

இருபுறமும் கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. கண்மாய்களில் தண்ணீர் வற்றி, கரைக்குள் மாட்டுவண்டித் தடம் விழுந்திருந்தது. அந்தச் சாலையின் பள்ளங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் நான் துள்ளினேன், மீனா அசையவில்லை. திருச்சுழியில் ஒரு காப்பி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினோம். மாதிரித் தேர்வில் அவள் தேறிவிட்டாள்.

விமானத்துக்கு எனக்கு நூற்றுப் பத்து ரூபாய். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்தால் பதினொன்றுதான். நான் ஐம்பத்தைந்து கொடுத்து மீனாவுக்கும் ஓர் இருக்கை வாங்கினேன். கிளம்பிய நாளில் காலை பத்து மணிக்கு வாடகைக் கார் வந்தது. பாளையம்பட்டி, காரியாபட்டி வழியாக மதுரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர். மதுரை ஊருக்குள் போகவே வேண்டாம், விமான நிலையம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. போகவர வாடகை நாற்பது ரூபாய். கணேசன் வாசல் வரை வந்தான். "ஏக்கா, ஏத்தலைன்னா திரும்பி வந்துரு. ஒண்ணும் அசிங்கமில்ல" என்றான்.

கவுண்டரில் இருந்த அதிகாரி நாற்காலியைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "இதை லக்கேஜ்ல போட்டுருங்க. இந்த வயசுக் குழந்தைய மடியிலதான் வச்சுக்குவாங்க."

"அவளுக்கு டிக்கெட் இருக்கு சார்."

"இருக்கட்டும். குழந்தை எப்படித் தனியா உக்காரும்?"

"அதுக்குத்தான் இது. சார், அந்த இடத்துக்கு வேற யாரையாவது ஏத்தப் போறீங்களா?"

"அது எப்படி? அது உங்க குழந்தையோட இடம்."

"அப்ப அவளே உக்காரட்டும். டிக்கெட் எடுத்த ஆளை எழுந்திருன்னு சொல்ல எங்க ஊர் பஸ்ஸில கண்டக்டருக்கே உரிமை இல்லை."

கண்டக்டரின் வாக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது எனக்கே ஆச்சரியம். அதிகாரி நெற்றியைத் தேய்த்தார், சிரித்தார், சுமைதூக்குபவரைக் கூப்பிட்டார். "உள்ளே கொண்டுபோங்க. பணிப்பெண் சரின்னா சரி."

விமானத்துக்குள்தான் என் ஒத்திகை பொய்த்தது. பஸ் கம்பியில் அழகாக உட்கார்ந்த கொக்கிகள், விமான இருக்கையின் தடித்த முதுகில் ஏறவே இல்லை. நாற்காலி முன்னால் சாய்ந்தது. எங்களுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பணிப்பெண் சின்னப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். "அம்மா, இது நிக்காது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் நீங்க மடியில வச்சு ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கங்க, போதும்."

இத்தனை வருடமாக வெளியிடங்களில் நான் வலது கையை முந்தானைக்குள் வைத்தே பழகியவள். அன்று அதை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். "இது பிடிக்காதும்மா. பிடிக்கும்னா இந்த நாற்காலியைச் சுமந்துக்கிட்டு வந்திருக்க மாட்டேன்."

அவள் கையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் நாற்காலியைச் சரியாகப் பார்த்தேன். கொக்கிகள் குழாய்க்குள் செருகியவை. உருவிப் பைக்குள் போட்டேன். கொக்கி இல்லாமல் நாற்காலி முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது. விமானத்தின் சொந்த பெல்ட்டைக் குழாய்ச் சட்டத்துக்குப் பின்னால் கொடுத்து முன்னால் வாங்கி, ஒரு நுனியை முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தேன். பணிப்பெண் சட்டத்தைப் பிடித்து ஆட்டினாள். இன்னும் பலமாக ஆட்டினாள். அசையவில்லை. "என்னோட இருக்கைகூட இவ்வளவு கெட்டியா இல்லை" என்றாள். மீனா ஹாரன் அடித்தாள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு விசிறி வைத்த விமானம், நல்ல சத்தம். கீழே எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் காய்ந்த ஓலைத் துண்டுகள் போலக் கிடந்தன. திருச்சியில் இறங்கி மறுபடி ஏறிய கொஞ்ச நேரத்தில், மதியச் சூட்டில் விமானம் திடீரென்று கிணற்றுக்குள் விழுவது போல விழுந்தது. என் கையிலிருந்த காப்பிக் கோப்பை முன்வரிசைக்குப் போய்விட்டது. என் இடது கை தானாகவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. அந்த ஒரு கையில் மீனா இருந்திருந்தால்? திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். திருச்சுழிச் சாலையில் இல்லாத பள்ளமா? பாம் என்றாள். முன்வரிசைக்காரர் சட்டையில் காப்பியைத் துடைத்துக்கொண்டே, "யாரும்மா ஓட்டுறது, பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

மீனம்பாக்கத்தில் பத்மா நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் கைகள் நீண்டன, பிறகு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து தாமாகவே இறங்கின. மீனா என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "என்னைத் தெரியலக்கா. தூக்கவும் முடியாது. எப்படிக்கா பழக்குவேன்?" என்றாள் பத்மா.

"தூக்க வேண்டாம்டி. பக்கத்துல உக்காரு."

டாக்ஸியின் பின்னிருக்கையில் கொக்கிகளைச் செருகி நாற்காலியை நடுவில் மாட்டினோம். ஒருபுறம் பத்மா, ஒருபுறம் நான். மீனா ஹாரனை அடித்துவிட்டு, வழக்கம்போல் யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பத்மா தயங்கித் தயங்கி, "பாம்" என்றாள். மீனா திரும்பிப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி பதில் வந்தது. கிண்டி தாண்டுவதற்குள் அவளுடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, மறு கை பத்மாவின் வளையலில் இருந்தது.

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பாயிடம் சொன்னபோது, "வேலை செய்யிற எடத்துல இருக்கட்டும் டீச்சர்" என்றார். தூக்க முடியாத தாய்க்கு எதிரெதிரே உட்கார்ந்து சோறூட்ட அதைவிடத் தோதான பொருள் இல்லை என்கிறாள் பத்மா. வாரத்துக்கு ஒரு முறை டிரங்க் காலில் ஹாரன் சத்தம் கேட்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் வாதாட முடியாது. கொக்கி மட்டுமே உள்ள நாற்காலியை நம்பாதீர்கள், பெல்ட் நுழையச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஜன்னலோரம் குழந்தைக்கு, நடைபாதையோரம் உங்களுக்கு. முடிந்தால் காலை விமானம், வெயில் ஏறினால் குலுக்கல் அதிகம். முதலில் பஸ்ஸில் பழக்குங்கள். விமானம் ஏறும்வரை ஒவ்வொருவரும் மடியைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களும் குழந்தையின் நல்லதற்குத்தான் பேசுகிறார்கள். கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பெல்ட்டை அவிழ்க்காதீர்கள்.

திரும்பி வந்த வாரம் ஒரு வேலையாகத் திருச்சுழிக்குப் போனேன். அதே பஸ், அதே கண்டக்டர்.

"எங்கம்மா நம்ம டிரைவரு?"

"மெட்ராஸ்ல வேலை கிடைச்சிருச்சு."

"அப்படிப் போடுங்க! பிளேன்ல ஏத்துனானா?"

"ஏத்துனாங்க. நீங்க சொன்னதைத்தான் அங்கயும் சொன்னேன்."

அவர் பஸ் முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார், எல்லோரும் கேட்டார்களா என்று. எழுபது பைசாவை இடது கையாலேயே நீட்டினேன். வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது, அதை இழுத்துவிட எனக்குத் தோன்றவில்லை.