திருப்பிப் போட்ட பேட்டரி

இடது கை விரல் இரண்டைக் கட்டையில் வைத்தால் போதும், ‘டும் டக்க டும் டக்க’ என்று டிரம்ஸும் கிடாரும் எங்கிருந்தோ ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். கூடவே ஒரு சிவப்பு விளக்கு தாளத்துக்குத் தாளம் மினுக்கும். திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடிச் சர்ச்சுக்கு அந்தக் கீபோர்டு வந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதை வாசித்தவர் சாமுவேல் மாஸ்டர், பள்ளிக்கூட வாத்தியார், பந்தாவுக்குக் குறைச்சல் இல்லாத மனுஷர். வாசித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முக்கால்வாசி வேலையை மெஷின் பார்த்துக்கொண்டது, பேரை அவர் வாங்கிக்கொண்டார்.

அம்மாவுக்கு மண்டியில் விதைக்கு ‘மல்லாட்டை’ உடைக்கும் கூலி வேலை, நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. உடைத்துக்கொண்டே பாடுவாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கேரலிலும் முதல் பாட்டைத் தனியாகப் பாடுவது அவள்தான். வருஷம் முழுக்க எவளோ ஒரு கூலிக்காரியாக இருந்தவளை அந்த ஒரு சாயங்காலம் மட்டும் போதகர் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கென்றே ஒரு புடவையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

ஒத்திகையில்தான் வந்தது வினை. அம்மா ஒரு வரியின் கடைசிச் சொல்லை இழுத்து, நிதானமாக மூச்சு வாங்கி, பிறகுதான் அடுத்த வரிக்குப் போவாள். மெஷின் யாருக்காகவாவது காத்திருக்குமா? அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டர் பொத்தானைத் தட்டி நிறுத்தினார்.

“இன்னாம்மா நீ, பீட்டு ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போய்க்கினு இருக்க? மெஷினு தப்பு பண்ணாது. நீயெல்லாம் மல்லாட்டை உடைக்கத்தான் லாயக்கு.”

சர்ச்சே சிரித்தது. பாட்டு அவருடைய அண்ணன் மகளுக்குப் போனது. வீட்டுக்கு வந்து “வுடுடீ, படிச்சவரு சொல்றாரு” என்றதோடு சரி, மறுநாளிலிருந்து அம்மா மண்டியில்கூடப் பாட வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அது கரெண்ட் கட் காலம். எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் ஆறு மணி என்றால் ஆறு மணிதான். மாஸ்டர் அதற்கும் உஷாராக, கீபோர்டுக்கு அடியில் தடித்தடிப் பேட்டரிகளைப் போட்டு வைத்திருந்தார். கரெண்ட் போனால் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்துவிடுவார். கேரல் அன்றைக்குப் பாய் விரிக்க நான்தான் முதலில் போனேன். கீபோர்டைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, இரண்டு பேட்டரிகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மூடினேன்.

அண்ணன் மகள் இரண்டாவது வரியில் இருந்தபோது கரெண்ட் போனது. மாஸ்டர் ஒயரைப் பிடுங்கினார், பொத்தானை அமுக்கினார், மறுபடியும் அமுக்கினார், கடைசியில் கீபோர்டை ஓங்கித் தட்டினார். ‘டும் டக்க’ இல்லாமல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அந்தப் பெண் திருதிருவென விழித்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் வழுக்கையில் வேர்வை வழிந்ததைப் பார்த்தேன். அடடா, இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது!

“நீ வந்து பாடும்மா” என்று போதகர் அம்மாவைக் கூப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்றாள்.

“வேணாங்கய்யா. எனுக்குத் தாளம் வராது. மெஷினையே பாடச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நானே எதிர்பார்க்காத அடி அது. மாஸ்டர் தலை நிமிரவில்லை.

இப்போது நாங்கள் விழுப்புரத்தில் இருக்கிறோம். ஆறு மணிக் கரெண்ட் கட் போய்விட்டது. விதை உடைக்கவும் மெஷின் வந்துவிட்டது. அந்தத் தாளமெல்லாம் என் போனிலேயே இருக்கிறது. போன மாதம் மாஸ்டர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தவருக்குக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, “ஒரே ஒரு பாட்டு பாடும்மா, உன் கொரலைக் கேக்கணும் போல இருக்குது” என்று அம்மாவிடம் கெஞ்சினார்.

“மறந்துபோச்சுங்க மாஸ்டர்” என்றாள் அம்மா.

சபாஷ் என்று உள்ளுக்குள் கைதட்டினேன். தொங்கிய முகத்தோடு அவர் படியிறங்கியதை ஜன்னல் வழியாக நின்று ரசித்தேன். “நல்லா குடுத்தம்மா” என்றேன். அம்மா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி கேரல் பாட்டின் முதல் வரியை மெல்ல முணுமுணுத்தாள், அங்கேயே நின்றுவிட்டாள்.

“நெஜமாவே மறந்துபோச்சுடீ. அடுத்த வரி இன்னாடி?”

அந்த ஆளுக்குக் காபி கொடுத்திருக்கவே கூடாது.