நவமணியின் பிஸ்கட் டின்

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நவமணியைத் தெரியாதவர் இல்லை. பால் வெட்டுவதில் அப்படி ஒரு கை. பட்டையில் ஒரு காயம் படாமல் முந்நூறு மரத்தையும் வெட்டி முடித்துவிட்டு, மற்றவர்கள் வாளி தூக்கும் நேரத்தில் அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கங்காணி இராமசாமியே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவளை அடக்கிப் போட்டது இரண்டு சின்னக் குழிகள். முதல் பிள்ளை ஏழாம் நாள் போயிற்று. இரண்டாவது எட்டாம் நாள். இரண்டும் கொழுகொழுவென்று, லயத்து வீடுகள் எல்லாம் கேட்க அழுதுகொண்டு பிறந்தவை. திடீரென்று ஒருநாள் பால் குடிக்காது. தாடை இறுகிப் பூட்டிக்கொள்ளும். உடம்பு வில்லாய் வளையும். இசிவு என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள், தாயின் ராசி என்றுகூடச் சொன்னார்கள். காரணம் சொல்ல ஊருக்கு என்ன செலவு? நாக்குத்தானே!

மூன்றாவதாக அவள் முழுகாமல் இருந்தது 1926-இல். நாலாம் மாதத்தில் ஒருநாள் காலை, பால் எடுக்கப் போனபோது ஒரு மரத்தில் மங்குப் பால் மட்டும் திரிந்து கட்டியாய்க் கிடந்தது. மங்கு என்பது மரத்தில் கட்டும் பால் கிண்ணம். முதல் நாள் அவசரத்தில் அந்த ஒன்றை மட்டும் அவள் துடைக்காமல் விட்டிருந்தாள். பக்கத்து மரத்தின் பால் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டும் நல்ல மரம்தான், ஒரே கத்தியால் வெட்டியதுதான்.

நவமணி வாளியைக் கீழே வைத்தாள். அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப்போலவே பால் வெட்டும் மருத்துவச்சி மங்களம் சேலைத் தலைப்பில் துடைத்த பால்வெட்டுக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தது கண்ணில் வந்து நின்றது. அதன்மேல் சாணிச் சாம்பலை அப்பியதும் வந்தது. இரண்டு பிள்ளைக்கும் அப்படித்தான் நடந்தது.

அன்று மாலையே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுக்கும் தம்பிமுத்து யாழ்ப்பாணத்துக்காரர். யாரும் அவரிடம் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

"ஐயா, அழுக்கு மங்குல பால் கெட்டுப் போகுது. அழுக்குக் கத்தி பட்டா புள்ளையும் அப்படித்தானா?"

தம்பிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, அதுதான் காரணம். கத்தரிக்கோல், நூல், துணி எல்லாத்தையும் கொதிதண்ணியிலை அவிச்சு எடுக்க வேணும். சாம்பல் கிட்டவும் போகப்படாது."

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. புருசன் சீனி வாயில்லாப் பூச்சி. பிறக்கும் முன்னே பிள்ளைக்குச் சாமான் சேர்ப்பது ஆகாது என்று அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் டவுனுக்கு நடந்தே போய்ச் சீனர் கடையில் ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தான். கூடவே ஒரு காலி பிஸ்கட் டின்னும் கேட்டு வாங்கி வந்தான். நவமணி அவனுடைய பழைய வேட்டியைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்தாள். நூல், சோப்பு, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு போத்தல், எல்லாம் டின்னுக்குள் போயின. வாரம் ஒருமுறை கத்தரிக்கோலையும் நூலையும் துணியையும் வெளியே எடுத்து மறுபடி அவித்தாள். ஏழாம் மாதத்திலிருந்து அந்த டின் இல்லாமல் அவள் ரப்பர் காட்டுக்கே போவதில்லை.

"என்னா நவமணி, பலகாரமா? எங்களுக்கும் குடுலா!" என்று கங்காணி கேட்டார். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டின் எதற்கென்று தெரிந்த மங்களம் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

"நீ வெட்டுறது மரம், நான் எடுக்குறது புள்ள. மரத்துப் புத்திய எங்கிட்ட காட்டாத, புள்ள."

"ரெண்டு புள்ளைய மண்ணுல வச்சவ நான், அக்கா. எனக்கு எந்தப் புத்தியா இருந்தா என்ன?"

கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருக்கையில், தன் நிரையில் பாதி மரம் வெட்டி முடித்த காலையில், வலி வந்தது. வீட்டுக்கு நடக்க விடவில்லை. பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த மங்களம்தான் ஓடி வந்தாள். கோபம் வேறு, பிரசவம் வேறு என்பது அவளுக்குத் தெரியும். சருகின்மேல் சேலையை விரித்துக் கைபிடித்த கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை வீறிட்டுக்கொண்டு வந்து விழுந்தது. பழக்கதோசம், மங்களத்தின் கை இடுப்பில் இருந்த பால்வெட்டுக் கத்திக்குப் போனது.

நவமணி படுத்தபடியே எக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிள்ளை பெற்ற உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ!

"டின்னு, அக்கா. கையக் கழுவிட்டு டின்ன தொற."

"விடு புள்ள, கொடி அறுக்காம கெடக்கு!"

"கெடக்கட்டும். கழுவாம தொடாத."

பிடி தளரவில்லை. மங்களம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே போட்டுவிட்டு, போத்தல் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அவித்த நூலால் கட்டி, அவித்த கத்தரிக்கோலால் அறுத்து, அவித்த துணியால் சுற்றினாள். சாம்பல் வைக்கவில்லை.

பிறகு வந்தன அந்த எட்டு நாட்கள். ஒவ்வொரு பொழுதும் ஒரு யுகம். ஏழாம் நாள் தாண்டியது. எட்டாம் நாள் உச்சிவேளையில் பிள்ளை மார்பைச் சீந்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சீனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேள்விப்பட்டு வந்த மங்களம் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

நவமணி கையைக் கழுவிவிட்டுச் சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பொக்கை வாய் விரலை லபக்கென்று கவ்வி இழுத்ததே ஓர் இழுப்பு! தாடை பூட்டவில்லை. வயிறு நிறைந்த கள்ளி தூங்கப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நவமணி ஓவென்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஒன்பதாம் நாள் விடிந்ததும் தீட்டாவது ஒன்றாவது என்று, தவமணி எனப் பெயர் வைத்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று லயத்தையும் சுற்றி வந்தாள். சிரித்தவர்கள் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

இரண்டு மாதம் கழிந்து ஒரு மத்தியானம் மங்களம் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள்.

"மூணாவது லயத்து நல்லம்மாளுக்கு வலி எடுத்திருச்சு. டின்ன குடு, புள்ள."

"கத்தரிக்கோல நேத்துதான் அவிச்சேன். கை?"

முப்பது பிள்ளை எடுத்த மங்களம் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினாள். முழங்கை வரைக்கும் ஈரம். சோப்பு வாசம் கமகமவென்று வந்தது. நவமணி டின்னை எடுத்து அந்தக் கைகளில் கொடுத்தாள்.