ஒரே கட்டில்ல சம்மந்தியும் நானும்

உனக்கு என்னாத்துக்கு அதெல்லாம்? கூப்புட்டப்ப முட்டி வலி, ஏரோப்ளேன்ல காது அடைக்கும், பூனைக்கு யாரு சோறு வெப்பான்னு நூறு நொட்டை சொல்லிட்டு வீட்டுலயே உக்காந்துக்கிட்ட. இப்ப வந்து, "அக்கா, சென்னையில பெரிய ஓட்டல்ல தங்குனீங்களாமே, என்னாதான் நடந்துச்சு"ன்னு வாயப் பொளந்துக்கிட்டு கேக்குற. வெக்கமா இல்ல? போ, போயி தேத்தண்ணி கலக்கி எடுத்துட்டு வா. சீனி கொறைவா. அப்புறம் சொல்றேன்.

பேத்தி கல்யாணத்துக்குப் பொடவை எடுக்கத்தான் போனோம். நான், என் மவன், மருமவ, பேத்தி, அப்புறம் அந்த அம்மா. அந்த அம்மான்னா மருமவளப் பெத்தவங்க, என் சம்மந்தி, ராசா டவுனுல இருக்காங்களே அவங்க. ரெண்டு வருசமா நான் அவங்கள மொற வெச்சுக் கூப்புடுறதில்ல. "அந்த அம்மா"தான். அவங்க வாயில நான் "அங்க உள்ளவங்க". ஒரே பேத்திக்கு நான் அப்பாயி, அவங்க அம்மாயி. ஆனா ரெண்டு பேரும் மூஞ்ச மூஞ்சப் பாக்குறதில்ல.

ஏன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் இன்னொருக்கா சொல்லுவேன். அப்பப்ப சுட வெக்கலன்னா கோவம் ஊசிப் போயிரும். என் வீட்டுக்காரரு கருமாதி அன்னைக்கு பரிமாற ஆளு பத்தலன்னு நானே சாம்பாரு வாளியத் தூக்கிக்கிட்டு வாரேன். இந்த அம்மா பந்தியில உக்காந்துக்கிட்டு, பக்கத்து எலைக்காரிகிட்ட ரகசியம் சொல்றாங்க. ரகசியம்னா நம்ம ஊரு அசாம் ஜாவா முச்சந்தி வரைக்கும் கேக்குற ரகசியம். "இத்தினி வருசம் கூட வாழ்ந்த மனுசன் போயிட்டாரு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல பாத்தியா. சிரிச்சுக்கிட்டே சாம்பாரு ஊத்துது." நான் அவங்க பின்னாடிதான் நிக்கிறேன். தலையில ஊத்தியிருக்கணும். எலையிலதான் ஊத்துனேன்.

அன்னைக்கே முனீஸ்வரன் மேல சத்தியம் பண்ணிட்டேன். பந்தியில விட்ட வார்த்தைய அந்த அம்மா பந்தியிலயே திருப்பி எடுக்கணும். எடுக்குற வரைக்கும் என் வாயிலேர்ந்து அவங்களுக்கு ஒரு வார்த்தை கெடையாது.

சரி, ஓட்டலுக்கு வா. வெளிய ரோட்டுல காடி, ஆட்டோ, மோட்டாரு, பஸ்ஸு எல்லாம் ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிக்கிட்டு ஆரன் அடிக்கிறான். நடுவுல ஒரு மாடு வேற, அது பாட்டுக்கு யோசிச்சுக்கிட்டு நிக்குது. ஓட்டல் கேட்டுக்குள்ள நொழைஞ்சா சத்தமே இல்ல. வாசல்ல ஒருத்தன், இம்மாம் பெரிய மீசை, தலப்பா, எனக்கு சலாம் போடுறான். நம்ம அப்பாரு எஸ்டேட்டுல தொரைக்கு எத்தினி சலாம் போட்டிருப்பாரு! நான் அப்படியே நின்னு, "தம்பி, இன்னொருக்கா போடுங்க, சரியாப் பாக்கல"ன்னேன். போட்டான். நல்ல புள்ள.

அப்பத்தான் பேத்தி சிரிக்காம வந்து சொல்லுது. "ரூம்பு எல்லாம் ஃபுல் அப்பாயி. ரெண்டுதான் கெடச்சிச்சு. நாங்க மூணு பேரு ஒண்ணுல, நீங்களும் அம்மாயியும் ஒண்ணுல." பொய் லா! மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுதான், அத மட்டும் படிச்சிட்டேன்.

ரூம்புக்குள்ள போனா கட்டில் ஒண்ணே ஒண்ணு. பாசிர் பெனம்பாங் மீன் படகு கணக்கா அகலம். தலகாணி எட்டு. எட்டையும் எடுத்து நட்ட நடுவுல வரிசையா அடுக்குனேன். வேலி. அந்த அம்மா பாத்துட்டு, கடைசித் தலகாணிய என் பக்கம் ஒரு சாண் தள்ளி வெச்சாங்க. நெலத் தகராறு அங்கயே ஆரம்பம்.

பேசுறதில்லைன்னு சத்தியம் இருந்தாலும் ஒரே ரூம்புல எப்படிக் காலம் தள்ளுறது? அந்த அம்மா தண்ணி கொதிக்க வெக்கிற கெட்டிலப் பாத்துப் பேசுவாங்க. "ஏ கெட்டிலு, யாருக்கோ கோப்பி வேணும் போல, மூக்க மூக்க உறிஞ்சுறாங்க." நான் டீவியப் பாத்து பதில் சொல்லுவேன். "ஏ டீவி, யாரு போட்ட கோப்பியும் எனக்கு வேணாம்." டீவி அப்ப அணைஞ்சுதான் இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானமே தி.நகர் போயி பொடவை எடுத்தாச்சு. முகூர்த்தப் பொடவை அரக்கு கலரு. அதுல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒரே பொடவையில கைய வெச்சோம், அப்புறம் ரெண்டு பேருமே கைய எடுத்துக்கிட்டோம். பையெல்லாம் எங்க ரூம்புலதான் கெடந்துச்சு, குளியலறை ஓரமா, தரையில.

மறுநாள் காலையில குளிக்கப் போனேன். அங்கதான் பாரேன் கூத்து. ரூம்புக்கும் குளியலறைக்கும் நடுவுல செவுரு இல்ல, கண்ணாடி! கட்டில்ல படுத்துக்கிட்டே உள்ள குளிக்கிறதப் பாக்கலாம். யாரு புத்தி இது? மறைக்கிறதுக்கு ஏதோ பொத்தான் இருக்காம், எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, ஒருத்தர ஒருத்தர் கேக்கவும் முடியாது. நான் என்னா பயந்துட்டனா? எஸ்டேட்டு லயத்து வீட்டுல, பொதுப் பைப்புல, ஊரு பாக்க, சாரோங்க நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டிக் குளிச்சு வளந்தவ. பெட்டியில சாரோங் இருந்துச்சு, தண்ணி மொள்ள காயோங்கும் இருந்துச்சு. "அம்மா, அங்க போயி காயோங்கா?"ன்னு மவன் சிரிச்சான். சிரிக்கட்டும்.

உள்ள வெள்ளையா, நீளமா ஒரு தொட்டி. நம்ம குளியலறையில சிமெந்துல தண்ணித் தொட்டி கட்டியிருக்கோமே, அந்த மாதிரி, ஆனா உயரம் பத்தல. கட்டுனவனுக்கு அளவு தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன். பைப்பத் தொறந்து ரொப்புனேன். இப்ப நீயே சொல்லு, தண்ணித் தொட்டிக்குள்ள எறங்குவியா நீ? சின்னதுல அதுல வெரல விட்டாலே அம்மா காயோங்காலயே மண்டையில போடும், மறந்துட்டியா? நான் தொட்டிக்கு வெளிய நின்னு, மொண்டு மொண்டு தலையில ஊத்துனேன். ஆகா, சுடுதண்ணி! அரை மணி நேரம் ஊத்தியிருப்பேன். நம்ம வீட்டுத் தரையில தண்ணி போக ஓட்டை இருக்கும். அங்க இருக்கான்னு நான் பாக்கவே இல்ல.

கண்ணாடிக்கு அந்தாண்ட அந்த அம்மா எந்திரிச்சு நிக்கிறது தெரிஞ்சுச்சு. பொடவப் பையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து கட்டில் மேல வெக்கிறாங்க. வேலியத் தாண்டி என் பக்கம்! பாத்தியா, என்னா திமிருன்னு இன்னும் ரெண்டு காயோங் ஊத்துனேன். அப்புறம் கண்ணாடியத் தட்டுறாங்க. கீழ கையக் காட்டுறாங்க. கைய அலை மாதிரி ஆட்டுறாங்க. வாய மட்டும் இறுக்கி மூடியிருக்காங்க. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. "பரத நாட்டியமா? ஆடு, ஆடு"ன்னு முதுகக் காட்டிட்டேன்.

குளிச்சு முடிச்சு, நின்ன எடத்துலேர்ந்து கதவுப் பக்கம், சோப்பு வழிஞ்ச தரையில கால எடுத்து வெக்கப் போறேன், கதவு படார்னு தொறக்குது. "சம்மந்தி! கால வெக்காதீங்க!"

ரெண்டு வருசத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. கீழ பாத்தா ஒரே சோப்புத் தண்ணி, கண்ணாடி கணக்கா வழவழன்னு. ரூம்புல கம்பளம் சொத சொதன்னு நனைஞ்சு கெடக்கு. அந்த அம்மாவும் பொடவைய முட்டிக்கு மேல சொருகிக்கிட்டு அதுல நிக்கிறாங்க. கைய நீட்டுறாங்க.

யோசிச்சுப் பாரு. பொடவைங்க ஏற்கனவே பத்திரமா மேல போயாச்சு. பேசாம நின்னு நான் விழுறத வேடிக்கை பாத்திருக்கலாம். நானா இருந்தா? சரி, அத விடு.

நான் கையப் புடிக்கல. ஒரு கையில தொட்டி வெளிம்பு, ஒரு கையில சாரோங் முடிச்சு. ஏர்கான் காத்து எலும்புக்குள்ள போவுது.

"மொதல்ல சொல்லுங்க"ன்னேன்.

"என்னாத்த சொல்றது?"

"கருமாதிப் பந்தியில சொன்னீங்களே, அது தப்புன்னு சொல்லுங்க."

"ஐயோ, இந்த நேரத்துலயா! கையப் புடிங்க, விழுந்து இடுப்பு ஒடஞ்சா என் பொண்ணு என்னைத்தான் திட்டுவா."

"திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்."

"பல்லு கிட்டுது உங்களுக்கு."

"என் பல்லு, கிட்டிட்டுப் போவுது."

அந்த அம்மாவுக்குத் தெரியும், நான் அங்கயே சாயங்காலம் வரைக்கும் நிப்பேன்னு. அப்புறம் சொன்னாங்க. "எங்க வீட்டுக்காரரு போனப்ப நான் மூணு நாளு உருண்டு உருண்டு அழுதேன் சம்மந்தி. ராசாவுல என்னா பேசுனாங்க தெரியுமா? 'நடிக்குது, இருந்தப்ப அந்தாளுக்கு ஒரு வேளை சுடு சோறு போட்டிருக்குமா'ன்னு. நீங்க அழாம சாம்பாரு ஊத்துனீங்க. எல்லாரும் 'என்னா தைரியம் அந்தம்மாவுக்கு'ங்கிறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அந்த எரிச்சல்லதான் வாய விட்டுட்டேன்."

நான் சாரோங் முடிச்ச இன்னும் இறுக்கிப் புடிச்சேன்.

ஆனா நான் விடல. "இது குளியலறை"ன்னேன். "சொன்னது பந்தியில. பந்தியில சொல்லுங்க."

"சொல்றேன், தொலைங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தண்ணிக்கு நாந்தான் காரணம்னு நெனைக்கப் போறாங்க. நீங்களே உங்க வாயால சொல்லணும்."

சரின்னு கையப் புடிச்சேன். நல்ல புடி. தோட்டத்துல ரப்பர் பால் வாளி தூக்குன கை இல்லயா, ரெண்டு பேருதும்.

வெள்ளை வெளேர்னு எத்தினி துண்டு இருந்துச்சோ அத்தினியையும் போட்டு, ரெண்டு கெழவியும் குந்திக்கிட்டு தண்ணிய ஒத்தி எடுத்தோம். கூட்ட வந்த அம்மா கதவத் தொறந்து பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. மெட்ராஸ்காரி. "இன்னாம்மா இது, ஏரி கீரி ஒடஞ்சிச்சா?"

சம்மந்தி என்னைப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். "நாந்தாம்மா. வெளிய நின்னு மொண்டு ஊத்திக் குளிச்சேன்."

"டப்புக்குள்ள எறங்கிக் குளிக்கணும்மா!"

"குளிக்கிற தண்ணியிலயே கால வெக்கிறதா? உங்க ஊருல கேக்க ஆளே இல்லயா?"

அது சிரிச்ச சிரிப்புல தொடப்பக்கட்டை கீழ விழுந்துருச்சு. "நீங்க போயி சாப்புடுங்க பெரியம்மா, நான் பாத்துக்குறேன்"னுச்சு.

பசியாறுற எடத்துக்குப் போனோம். கல்யாண மண்டபம் கணக்கா இருக்கு. எல்லாரும் தட்டத் தூக்கிக்கிட்டு அலையிறாங்க, எலையும் இல்ல, வரிசையும் இல்ல. சம்மந்தி நைசா, "இது பந்தி இல்லியே"ன்னாங்க. நான் விடுவனா? மவன், மருமவ, பேத்தி மூணு பேரையும் வரிசையா உக்கார வெச்சு, நானே போயி இட்டிலி எடுத்து வந்து வெச்சு, அங்க இருந்த சாம்பார ஒரு கிண்ணத்துல மொண்டுக்கிட்டு வந்து நின்னேன். "இப்ப பந்தி. சொல்லுங்க."

மருமவ மொகம் வெளுத்துருச்சு. "அம்மா, இங்க வந்து சண்டையா?"ன்னு அவங்க அம்மா கையப் புடிக்கிறா.

சம்மந்தி எந்திரிச்சாங்க. அதே ரகசியக் கொரலு. தோசை ஊத்துறவன் கரண்டிய நிறுத்திட்டான். "எல்லாரும் கேட்டுக்குங்க. கருமாதி அன்னைக்கு நான் எங்க சம்மந்தியப் பேசுனது தப்பு. அவங்க அழுதாங்க! அடுப்படியில போயி யாருக்கும் தெரியாம அழுதாங்க! நாந்தான் பாத்தும் பாக்காத மாதிரி பேசிட்டேன்."

பக்கத்து மேசையில ஒரு வெள்ளைக்காரன் என்னான்னே தெரியாம கைதட்டுனான். பேத்தி அழுவுறா, மருமவ அழுவுறா. நான் சாம்பாரோட நிக்கிறேன். நான் எங்கடி அடுப்படியில அழுதேன்? திருப்பி எடுன்னா, மேல ஒரு பொய்யையும் சேத்துக் குடுத்திருக்காங்க! சரி, அவங்களால முடிஞ்சது அதுதான். "சாம்பாரு போதுமா சம்மந்தி?"ன்னேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க"ன்னாங்க.

அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சா, சம்மந்தி ஊருக்கு வந்த ஒடனே போன எடுத்து அன்னைக்குப் பந்தியில உக்காந்த அத்தினி பேருக்கும் சொல்லியிருக்காங்க. மறுநாளு காலையில பக்கத்து வீடு, எதுத்த வீடு, மொன வீடு எல்லாம் என் கேட்டுல. எதுத்த வீட்டுக்காரி கண்ணத் தொடச்சுக்கிட்டு வாரா. "அக்கா, அடுப்படியில தனியா அழுதீங்களாமே, எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

தலையாட்டியிருந்தா போதும். ஊரே என்னைத் தூக்கி வெச்சிருக்கும். நான் சொன்னேன், "அதெல்லாம் அழுவல லா. எங்க சம்மந்தி நல்லவங்க, எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்காங்க. அன்னைக்கும் அழுவ வரல, இன்னைக்கு வரைக்கும் வரல. வந்துச்சுன்னா நானே ஆள் விட்டுச் சொல்றேன், எல்லாரும் வந்து பாருங்க. வரப்போ அவங்கவங்க நாற்காலியத் தூக்கிக்கிட்டு வாங்க, எங்க வீட்டுல நாலுதான் இருக்கு."