இயக்குநர் பட்டியலில் அப்பா

எம்.காம். முதலாண்டு முடிந்த கோடையில் எனக்கு இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. புதிய கம்பெனிகளுக்காகப் பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டித் தருகிற சென்னை நிறுவனம் ஒன்று, எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் தற்காலிகமாக ஆபீஸ் போட்டிருந்தது. பட்டுநூல் முறுக்கும் ஆலை ஒன்று தென்னேரிப் பக்கம் வரப்போகிறது, அதற்கான பங்கு வெளியீட்டு வேலை நடக்கிறது என்றார்கள்.

வகுப்புப் பையன்கள் ஆடிட்டர் ஆபீஸ்களுக்குப் போனார்கள். பங்கு வெளியீட்டை நேரில் பார்க்கப்போவது நான் மட்டும்தான். மனு போட்டு மூன்று மாதம் பதிலே இல்லாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கம்பெனிச் சட்டத்தில் நான்தான் முதல் மதிப்பெண். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் நடக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆபீஸில் அதிகாரி ஒருவர், டைப்பிஸ்ட் ஒருவர், மூன்றாவதாக நான். அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். பங்கு வாங்க நினைப்பவர்கள் படித்துப் பார்ப்பதற்காக அச்சிடும் விவரப் புத்தகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ஆலை எங்கே, இயந்திரம் எத்தனை, லாபம் எவ்வளவு வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் வேதம் மாதிரி படித்தேன். 'ஆலைக் கட்டடத்தின் பெரும்பகுதி முடிவடைந்துவிட்டது' என்று ஒரு வரி, பக்கத்திலேயே நிலத்தின் சர்வே நம்பர்.

தென்னேரியில் என் சித்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனவள், அப்படியே கட்டடத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்று சித்தப்பாவிடம் சர்வே நம்பரைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"அந்த நம்பர் ஏரிக்குள்ள இல்ல வருது?"

"ஏரிக்குள்ளயா? அங்க ஃபேக்டரி கட்டிக்கினு இருக்காங்களாம், சித்தப்பா."

"யாருமா சொன்னது? மழை பேஞ்சா ஆளுயரத் தண்ணி நிக்கற எடம் அது."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெடித்துக் கிடந்த ஏரித் தரையில் நாலைந்து எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சிவப்புச் சாயம் பூசிய ஒரு கல் நட்டிருந்தது. ஒரு செங்கல்கூட இல்லை. நான் அந்தக் கல்லைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன், ஏதோ கட்டடம் அதன் பின்னால் ஒளிந்திருக்கிற மாதிரி.

மறுநாள் அதிகாரியிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நம்பர் தப்பா விழுந்திருக்கும்மா. நான் பாத்துக்கறேன். நீ இதைப் பாரு" என்று அச்சகத்திலிருந்து வந்த இன்னொரு தாளை நீட்டினார்.

கம்பெனி இயக்குநர்கள் பட்டியல். முதல் மூன்று பேர் சென்னைக்காரர்கள். நாலாவதாக என் அப்பாவின் பெயர்.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இனிஷியல் அதே. தெரு அதே. கதவு எண் எங்கள் வீட்டுக் கதவு எண். தொழில் என்ற இடத்தில் 'பட்டு உற்பத்தியாளர்' என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு தறி. ஃபேன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"சார், இது எங்கப்பா."

"ஆமா. உனக்குத் தெரியாதா?" அவருக்கே ஆச்சரியம். "நெசவாளர் ஒருத்தர் பேர் இருந்தா ஊர்க்காரங்க நம்பி வாங்குவாங்க. உங்கப்பா மேல தெருவுல நல்ல மரியாதையாச்சே. அவர் கையெழுத்து போட்டப்புறம்தானே உனக்கு லெட்டரே போட்டோம்."

என்ன சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன். உச்சி வெயில் நேரம். அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டைரக்டர்னா என்னான்னு தெரியுமாப்பா உனக்கு?"

அப்பா சிரித்தார். "தெரிஞ்சிடுச்சா? நானே சொல்லலாம்னு இருந்தேன். மீட்டிங் நடந்தா போய் உக்காந்தா போதும்னாருமா அந்த ஆபீஸரு."

"டைரக்டர்னா சினிமாக்காரங்க இல்ல?" என்றாள் அம்மா.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"எதுக்குப்பா கையெழுத்து போட்ட?"

"உன் மனு அங்கயே கெடந்துது. நீ தெனம் தபால்காரரைப் பாத்துக்கினு நிப்ப. மனசு கேக்கல. போய்க் கேட்டேன். ஒரு கையெழுத்துதான், பொண்ணை வரச்சொல்லிடலாம்னாரு. ஃபேக்டரி வர்றதும் நல்ல காரியந்தானே?"

என் மதிப்பெண்ணை அவர்கள் பார்க்கவே இல்லை. அந்த நாற்காலி, அந்த ஃபேன் காற்று எல்லாமே அப்பாவின் பெயருக்குக் கிடைத்தவை. ஆனால் அதை நினைத்து உட்கார நேரமில்லை. தென்னேரியில் பார்த்ததைச் சொன்னேன். தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா அப்பாவின் கையில் நின்றது.

"ஏரிக்குள்ளயா?"

"ஏரிக்குள்ளதான். நாளைக்கு ஏமாந்தவங்க சென்னைக்கா போவாங்க? உன்னைத்தான் கேப்பாங்க. சட்டமும் உன்னைத்தான் கேக்கும்பா."

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வெளியே வந்தார். அப்புறம், "இப்ப என்னா பண்றது?" என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

விவரப் புத்தகம் வெளிவருவதற்கு முன், இயக்குநராக இருக்கக் கொடுத்த சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெறலாம் என்று படித்திருந்தேன். இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று அந்த ஆலைக் கம்பெனிக்கு. இன்னொன்று சென்னையில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்துக்கு. ஏரி விஷயத்தையும் அதில் சேர்த்தேன். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் ஓடிப்போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

கடிதம் போய் இரண்டு நாள் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கத்துவார் என்று தயாராகப் போனேன். அவர் கத்தவில்லை. காபி வரவழைத்தார்.

"நல்ல பொண்ணு நீ. ஆனா இந்த வேலைக்கு ஒத்துவர மாட்டே. நாளையிலேர்ந்து வர வேணாம்."

சான்றிதழ் இல்லை. அரசு அலுவலகத்திலிருந்து தபால் கிடைத்ததற்கான அட்டை மட்டும் திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

கோடை முடிவதற்குள் பங்கு விளம்பரம் பேப்பரில் வந்தது. நாலாவது இடத்தில் பின்தெரு நெசவாளர் ஒருவரின் பெயர். அப்பாவோடு சின்ன வயதில் ஒன்றாக நெசவு கற்றவர். ஏரி அப்படியே ஏரியாகக் கிடக்க, 'பெரும்பகுதி முடிவடைந்துவிட்டது' என்ற வரி எழுத்து மாறாமல் இருந்தது. ஒருவர் விலகினால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். பேப்பரைப் பத்துப் பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன் வேணாம்னு உட்டுட்டான், நான் புடிச்சிக்கினேன். இப்ப வந்து என்னாத்துக்குமா தடுக்கற?"

ஏரியைப் பற்றிச் சொன்னேன். "எல்லாம் படிச்சவங்க பண்ற வேலை. அவங்களுக்குத் தெரியாததா?" என்றார். கூடியிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கூச்சம் வந்துவிட்டது. திரும்பிவிட்டேன். மறுநாள் அப்பா போனார். அவர் பேச்சும் எடுபடவில்லை. திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தார்.

அந்த மனிதரின் பெயரை நம்பி எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் பலர் பங்கு வாங்கினார்கள். அடுத்த மழையில் தென்னேரி நிரம்பியது. மாடி ஆபீஸ் அதற்கு முன்பே காலியாகிவிட்டது. வாங்கியவர்கள் அவர் வாசலில் போய் நின்றார்கள். யாரும் திட்டவில்லை, சும்மா நின்றார்கள். அதுவே அவருக்குத் தாங்கவில்லை. வீட்டை விற்று, முடிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஆரணிக்குக் குடிபோய்விட்டார்.

சில வருடம் கழித்து, நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை.

"அன்னிக்கு நீ வந்தப்ப நான் உள்ள அடுப்பாண்ட இருந்தேம்மா. நீ சொன்னது காதுல விழுந்துச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆரணி பஸ் கிளம்பப் போவதாகக் கண்டக்டர் விசில் கொடுத்தார். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு ஏறினார்.