செவ்வந்தியக்காவின் சாக்கு

விற்க ஒன்றும் இல்லாத நாளிலும் செவ்வந்தியக்கா சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். ராமநாதபுரம் கடைத்தெருவில் எதிரே பூக்கட்டிக்கொண்டு இருபது வருடமாக இதைப் பார்க்கிறேன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். தன் தோட்டத்திலும் காட்டிலும் மருந்தடிக்காமல் விளைந்ததைத் தவிர வேறு எதையும் விற்கமாட்டார். கிணறு வற்றிய மாதங்களில் சாக்கு காலிதான். ஆனாலும் வராமல் இருந்தால் இடம் போய்விடும். பிறகு காய் விளைந்தாலும் உட்கார்ந்து விற்க வழியில்லை.

ஓர் ஆடி மாதம் பக்கத்துக் கடை பொன்னுச்சாமி, தக்காளிப் பெட்டியைத் தூக்கி அந்தச் சாக்கின் மேலேயே வைத்தார்.

“வெறுஞ்சாக்குக்கு எதுக்கு மதினி இம்புட்டு இடம்? மண்டியில ரெண்டு மூட்டை எடுத்துப் போட்டு வில்லுங்க.”

“எங்க காட்டுல காய்க்கும்போது விக்கிறேன்.”

“அதுவரைக்கும் காத்தையா விப்பீக?”

 அக்கா மிச்சமிருந்த பாதிச் சாக்கில் உட்கார்ந்துகொண்டார். தினமும் அப்படியே உட்கார்ந்தார். விசாரித்தவர்களிடமெல்லாம், “மழை பெய்யட்டும், அதலக்காய் கொண்டாரேன்” என்றார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, விதைக்காமலே முளைக்கும் அந்தக் கசப்புக் காய் கூடை நிறைய வந்தது. சுற்றிலும் கூட்டம். பொன்னுச்சாமியும் பையை நீட்டினார்.

“வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கா மதினி. ஒரு படி போடுங்க.”

“முதல்ல பெட்டிய எடுங்க கொழுந்தனாரே, போடுறேன்.”

அவர் எடுத்தார்.

இந்த ஆடியிலும் சாக்கு காலியாகத்தான் இருக்கிறது. அக்கா அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தக்காளிப் பெட்டி ஒரு முழம் தள்ளியே இருக்கிறது.