ஹூங் கை படாத சுவர்

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் அடுக்குமாடிகளில் தோங் வாய் ஹூங்கைத் தெரியாதவர் கிடையாது. மாடிப்படி தோறும் அவருடைய கைப்பேசி எண்ணை ஒட்டிவைத்திருக்கிறார். சுவருக்குள்ளே, தரைக்கு அடியிலே எங்கே குழாய் ஒழுகினாலும் கண்டுபிடித்துச் சரிசெய்வது அவர் தொழில். ஒரு முனையில் கிண்ணம் பொருத்திய இரும்புக் கம்பியைச் சுவரில் ஊன்றி, கிண்ணத்தைக் காதோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் தும்மினால்கூட முறைப்பு கிடைக்கும். பிறகு டைலின் மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அங்கே அடித்தால் ஈரம் இருக்கும்.

போன வருஷம் வரை அப்படித்தான் இருந்தது. பி பிளாக்கில் ஒரு குளியலறையில் குறி போட்டு உடைத்தார், உள்ளே காய்ந்து கிடந்தது. ரோஷத்தில் அடுத்த சுவரை உடைத்தார். அதற்கடுத்ததையும் உடைத்தார். கடைசியில் பார்த்தால், மேல்வீட்டு ஏர்கண்டிஷன் தண்ணீர் வடிந்து இறங்கியிருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? 'மூணு சுவர் ஹூங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காப்பிக்கடையில் அவர் உட்கார்ந்தால், "சாய்ஞ்சு உக்காராதப்பா, சுவர் பயந்துக்கும்" என்பார்கள். கைப்பேசி மணி அடிப்பது குறைந்துபோனது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் மகள் பூய் யானிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. அவள் பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள், களைத்து வருகிறாள், சாப்பிட்டதும் படுத்துவிடுகிறாள். சமீபத்தில் சீக்கிரமே படுத்துவிடுகிறாள்.

இந்த நிலையில்தான் சி பிளாக் நாலாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. லூய் என்ற விதவை அம்மாள். அக்கம்பக்கத்தில் லூய் சோ, அதாவது லூய் அண்ணி என்பார்கள். அவர் வீட்டிலிருந்து கீழ்வீட்டு மொக்தார் வாத்தியாரின் கூடத்தில் சொட்டுகிறதாம். ஒரே ஒரு டைல், ஒரே அடி, சரியான இடம். இது நடந்துவிட்டால் போன பெயர் திரும்பிவிடும். தப்பினால் ஊரைவிட்டே போய்விடலாம். இப்படி நினைத்துக்கொண்டுதான் ஹூங் படியேறினார்.

கதவைத் திறந்ததிலிருந்தே அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. லூய் சோவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அவர் ஹூங்கை "வாங்க ஹூங் கோ" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். குழாய்க்காரனை யார் நாற்காலியில் உட்காரவைத்துக் கோழி சூப் கொடுக்கிறார்கள்? இவர் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து, சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"குடிக்கற பழக்கம் உண்டா?"

"வருஷப் பொறப்புக்கு ஒரு கிளாஸ் பியர்."

"கோவம் வருமா?"

"குழாய் மேலதான் வரும்."

"வீட்டுல யாராச்சும் உங்களைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டா, என்ன பண்ணுவீங்க? கத்துவீங்களா?"

கசிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஹூங்குக்குப் புரியவில்லை. "என்ன காரியம்னு பாத்துதான் சொல்ல முடியும், லூய் சோ" என்றார்.

"அதுவும் சரிதான். பொண்ணு நல்லா சாப்பிடறாளா?"

எனக்குப் பெண் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தார். தெரியாமல் என்ன, மூணு சுவர் கதை போன வீடெல்லாம் என் குடும்பக் கதையும் போயிருக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தார். தண்ணீர் ஓடினால் மட்டும் சுற்றும் சின்ன முக்கோணம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவருக்குள்தான் கோளாறு. குளியலறைச் சுவரில் கம்பியை ஊன்றி ஊன்றிக் கேட்டார். ஓரிடத்தில் மெல்லிய சீறல் தெளிவாக இருந்தது. பெருக்கல் குறி போட்டார். சுத்தியலையும் உளியையும் எடுத்தார்.

வாசலில் நின்றிருந்த லூய் சோ பாய்ந்துவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அடிக்கக் கூடாது."

"ஒரு டைல்தான், லூய் சோ. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணோ பத்தோ, உங்க கையால வேணாம்."

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை உடைக்கக் கூடாது, ஓட்டையை அடைக்கக் கூடாது என்று எங்கள் சீனக் குடும்பங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று மாதம் முடியும்வரை அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சுத்தியல் பிடிக்கிறவனுக்கு இது தெரியாமல் இராது. ஹூங்குக்கும் முதலில் அந்த எண்ணம்தான் வந்தது. ஆனால் இந்த வீட்டில் இருப்பது இந்தக் கிழவியும் கல்யாணமாகாத ஒரு மகனும். மகன் வேலைக்குப் போயிருக்கிறான். இதில் யார் கர்ப்பம்?

அந்தக் கணக்கையும் லூய் சோ குழப்பிவிட்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து, "வாத்தியாரே, மேல வாங்க, சுவர் உடைக்கணும்" என்று கீழ்வீட்டைக் கூப்பிட்டார். அப்படியானால் உடைப்பதில் தடை இல்லை. ஹூங் உடைப்பதில்தான் தடை. மூணு சுவர் கதை வந்து சேர்ந்துவிட்டது என்று ஹூங் முடிவுகட்டினார்.

மொக்தார் வாத்தியார் ஓய்வுபெற்றவர். சுவர் உடைக்கப் போகிறோம் என்ற உற்சாகத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாப்பது வருஷம் பசங்க மண்டைல கொட்டிருக்கேன். இது என்ன பிரமாதம்" என்று குறியில் ஓங்கிப் போட்டார். டைல் உடைந்தது. சிமெண்டைப் பெயர்த்தார். குழாய் தெரிந்தது.

காய்ந்திருந்தது.

ஹூங் கழிவறைக் கோப்பையின் மூடி மேல் உட்கார்ந்துவிட்டார். பழைய இரும்புக் குழாயில் சத்தம் ஊர்ந்துபோய் வேறிடத்தில் கேட்கும், நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பதற்றத்தில் விட்டுவிட்டார். இனி வாத்தியார் கீழே போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நாலு சுவர் ஹூங் ஆகிவிடலாம்.

லூய் சோ கோபிக்கவே இல்லை. "இன்னொண்ணு அடிச்சாப் போச்சு. பொறுமையாக் கேளுங்க, ஹூங் கோ. என்ன அவசரம்?" என்றார். எந்த வீட்டுக்காரர் இப்படிப் பேசியிருக்கிறார்? திட்டினால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். இந்தக் கனிவுதான் புரியவில்லை.

மறுபடி கேட்டார். ஒரு சாண் கீழே, குழாய் வளையும் இடத்தில் குறி போட்டார். வாத்தியார் அடித்ததும் தண்ணீர் அவர் கண்ணாடியிலேயே பீய்ச்சியது. துருப்பிடித்த மரையில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் விரிசல்.

நிம்மதியாக ரம்பத்தை எடுத்தார் ஹூங். அறுக்கவும் கூடாது என்றார் லூய் சோ. வாத்தியார் அறுத்தார். புதுத் துண்டை மாட்டவாவது விடுவார் என்று பார்த்தால், அதுவும் வாத்தியார்தான். சிமெண்ட் பூசி ஓட்டையை அடைத்ததும் வாத்தியார். ஹூங் முழு நேரமும் கைகாட்டி மரமாக நின்றார். மீட்டரில் முக்கோணம் நின்றுவிட்டது. "கண்டுபிடிச்சது நீ, சரிபண்ணுனது நானு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக் கீழே இறங்கினார்.

ஹூங் பையை மூடினார். கேட்காமல் போக மனம் வரவில்லை.

"நேரடியாவே கேக்கறேன், லூய் சோ. அந்த மூணு சுவர் கதையை யாரோ சொல்லிருக்காங்க, இல்ல?"

"எந்த மூணு சுவர்?"

ஹூங் பையைக் கீழே வைத்தார். "அது தெரியாதா? அப்புறம் ஏன் என்னைத் தொடவே விடல?"

லூய் சோ வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு மாசம் ஆகலையே, வாயால சொல்லக் கூடாதுன்னுதான நீங்களும் கமுக்கமா இருக்கீங்க, நானும் இருக்கேன். அதுக்காக உங்களை அடிக்க விட முடியுமா? இங்க சுவரை உடைச்ச கைதான வீட்டுக்குப் போயி புள்ளத்தாச்சியோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடப் போவுது. சம்பந்தி, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஹூங்கின் மேசையில் அவரோடு சாப்பிட ஒரே ஒருத்திதான் உண்டு.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து இப்போது லூய் சோ குழம்பினார். "ஏன், பூய் யான் உங்ககிட்ட சொல்லிட்டான்னு என் பையன் சொன்னானே. உங்களை ஒரு தடவ பாக்கணும்னுதான் வேற ஆளைக் கூப்பிடாம உங்களையே கூப்பிட்டேன். சொல்லலியா?"

இவர்களுக்கெல்லாம் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாதா? பெற்றவனைவிட இந்த அம்மாள் எந்த விதத்தில் நெருக்கம்? பல்லைக் கடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்டால், அப்பனிடம் மறைத்தவள் என்ற பெயரோடு அவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாள். பெயர் கெட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு வருஷமாக அனுபவிக்கிறவர் அவர்.

"சொல்லாம இருப்பாளா? மொத நாளே சொல்லிட்டா" என்றார்.

படியிறங்கும்போது கைப்பேசி அடித்தது. டி பிளாக்காரர். வாத்தியார் அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். "ஊசி முனை ஓட்டையப் புடிச்சிட்டீங்களாமே, ஹூங் கோ. நாளைக்கு நம்ம சமையலறைக்கு வாங்க." ஒரு வருஷமாக அவர் ஏங்கியிருந்த அழைப்பு.

"வந்து குறி போட்டுத் தரேன். அடிக்க ஆள் நீங்க பாத்துக்கணும்."

"ஏன், கை வலியா?"

"அப்படித்தான் வச்சுக்குங்க."

"எப்ப சரியாவும்?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

அன்று மாலை பூய் யான் வேலையிலிருந்து வந்தாள். ஹூங் சோறு வடித்து, மீன் வேகவைத்து, மேசையில் காத்திருந்தார். அவள் மீனை ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் கிளறினாள்.

"இன்னிக்கு எங்கப்பா வேலை?"

"சி பிளாக், நாலாம் மாடி. லூய் சோ வீடு."

அவள் கை நின்றது. நிமிரவில்லை.

"நல்ல பொம்பள" என்றார் ஹூங். "எனக்கு சூப் குடுத்தாங்க. நீ எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்." மீன் தட்டை எடுத்து அவள் பக்கத்திலிருந்து தூரமாக நகர்த்தி வைத்தார். "இப்ப சொல்லு."