மஞ்சளில் முக்கியெடுத்த வெள்ளைச் சேலை

1. வாசலில் நின்ற கதாநாயகி

“அந்தச் சீலையோட எங்க ஊட்டு நடை தாண்டக் கூடாதுங்க!”

ஜேடர்பாளையத்தில் ஷூட்டிங்குக்காகக் கேட்டு வாங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முத்துசாமி, வாசலில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார். எங்கள் கதாநாயகி மேக்கப்போடு வெயிலில் நின்றார். அவர் கட்டியிருந்த சேலைக்கு நான்தான் பொறுப்பு.

அப்போது நான் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் டிரஸ் டிபார்ட்மெண்டில் இருந்தேன். கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்த பெண் சினிமாவில் சேர்ந்துவிட்டாள் என்று எங்கள் சர்ச் பங்கில் பாதிப்பேர் என்னோடு பேசமாட்டார்கள். நானும் வலியப் போய்ப் பேசியதில்லை.

படத்தின் கதை இதுதான். கணவன் செத்துப்போனதை மனம் ஒப்புக்கொள்ளாத ஒரு பெண். தினமும் அவனுக்கு இலை போட்டுச் சோறு வைப்பாள், அவனோடு பேசுவாள், கோபித்துக்கொள்வாள். கடைசியில் ஒருநாள் தானாகவே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வருவாள். அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் மொத்தப் படமும். இன்றைக்கு அதைக் கிளாசிக் என்கிறார்கள். வந்த புதிதில் தியேட்டர்காரர் ஈ ஓட்டினார்.

கருப்பு வெள்ளைக் காலத்து வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத் துணியை அப்படியே கட்டினால் கிளேர் அடிக்கும், முகம் கருத்துப்போகும். அதனால் வெளிர் மஞ்சளில் முக்கி எடுப்போம். படத்தில் அது சுத்த வெள்ளையாக விழும். ஸ்டுடியோவுக்குள் இது யாரையும் உறுத்தியதில்லை. தாலியறுத்தவள் மங்கலமான மஞ்சளில் வந்து நின்றால் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று டைரக்டர் முதல் நான் வரை ஒருவரும் யோசிக்கவில்லை.

“கேமராவுக்குக் கலர் தெரியாதுங்க” என்றார் டைரக்டர்.

“கேமராவுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமுங்களே! என்ர தங்கச்சி வெள்ளைச் சீலையோட உள்ளார இருக்கறா. அவ கண்ணு முன்னால இது நடக்கலாமுங்களா?”

புரொடக்‌ஷன் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா மேரி, இன்னிக்கு எடுக்கலேன்னா அந்தம்மா மெட்ராஸ் போயிடுவாங்க. படம் இதோட நின்னுடும். நீயும் ஊசி நூலை எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.”

வேறு நிறத்தில் முக்கலாம். ஆனால் கேமராமேன் ஒரு முடிச்சுப் போட்டார். அறைக்குள் அந்தப் பெண் இந்தச் சேலையைக் கட்டுவதை ஸ்டுடியோவிலேயே எடுத்தாயிற்று. வாசலில் டோன் மாறினால் இரண்டு ஷாட்டும் ஒட்டாது.

“வெயில் இறங்கறதுக்குள்ள தர்றேன் சார்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போகிற எண்ணம் மட்டும் இல்லை.

2. அண்டாவில் தேயிலை

டீக்கடையில் தேயிலைத் தூள் வாங்கிவரச் சொன்னேன். புறக்கடையில் செப்பு அண்டாவைக் கொண்டுவந்து வைத்து அடுப்பு மூட்டியது முத்துசாமியின் தங்கை நல்லாயி. என் வயதுதான் இருக்கும். நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை.

கைவசம் இருந்த இன்னொரு வெள்ளைச் சேலையில் ஓரத்தைக் கிழித்து முதலில் துண்டுகளாக முக்கிப் பார்த்தேன். கேமராமேன் கழுத்தில் ஒரு கருப்புக் கண்ணாடி தொங்கும். அதன் வழியே பார்த்தால் நிறமெல்லாம் செத்து, வெளுப்பும் கருப்பும் மட்டும் தெரியும். அதை வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் துண்டு பளிச்சென்று கிளேர் அடித்தது. அடுத்தது சேற்றில் விழுந்த மாதிரி ஆனது. சாற்றில் தண்ணீரைக் கலந்து கலந்து, கை வெந்து, கடைசியில் ஒரு துண்டு மஞ்சள் சேலையோடு அப்படியே ஒத்துப்போனது.

“நானும் பாக்கறேனுங்க அக்கா” என்று நல்லாயி கண்ணாடியை வாங்கினாள். கொடியில் கிடந்த மஞ்சள் சேலையைப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இதுல பாத்தா ரண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது.”

“ஆமாம்மா.”

அவள் வெகுநேரம் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.

முழுச் சேலையையும் முக்கிக் காயவைத்து எடுத்துப்போனேன். முத்துசாமி விரலால் தேய்த்துப் பார்த்தார். “இது ஆத்துல தொவைச்ச வெள்ளைச் சீலையாட்டமே இருக்குது! இப்ப வாங்க, எடுங்க.”

கதாநாயகி ஒரே டேக்கில் நடந்து வந்தார். தூண் ஓரம் நின்ற நல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்து நின்றார்.

3. வெள்ளைதான்

சாமான்களை எடுக்கப் புறக்கடைக்குப் போனேன். நல்லாயி அங்கே அந்த மஞ்சள் சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் களையப் போனவள், களையவில்லை.

“கண்ணாடில பாருங்க அக்கா. வெள்ளையாத்தானுங்க தெரியுது?”

பார்த்தேன். “வெள்ளைதான்” என்றேன். அவள் சிரித்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். முத்துசாமி. அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவர் தங்கையைப் பார்த்தார், தோளில் கிடந்த மஞ்சளைப் பார்த்தார். என்னிடம் கையை நீட்டினார்.

“அதை இப்படிக் குடுங்க.”

கொடுத்தேன். கண்ணில் வைத்துத் தங்கையைப் பார்த்தார்.

“வெள்ளையாத்தான் இருக்குது, சாமி” என்றார் அவளிடம். கண்ணாடியை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நான் அந்தச் சேலையை விட்டுவிட்டு மற்றச் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். துணி படத்தில் என்னவாகத் தெரியும் என்று பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது என்னவாகத் தெரிகிறது என்றும் பாருங்கள்.

சேலத்துக்குத் திரும்பியதும் மேனேஜர் மஞ்சள் சேலை எங்கே என்று கேட்டார். தேயிலைச் சாயம் பட்டுக் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். அந்தப் பொய்யை மட்டும் எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.